கிளையை மூடச் சொல்லும் கணக்கு

பாரத ஸ்டேட் வங்கியின் செலவு–வருமான விகிதம் 2022-23இல் ஏறத்தாழ 54. 2023-24இல் 59. 2024-25இல் 52க்கும் கீழே. இந்த மூன்றில் நடு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் இருப்பவற்றை வாசகர் கண்ணில் படாமல் விட்டுவிட்டு, பொதுத்துறை வங்கிகள் நூறு ரூபாய் சம்பாதிக்க அறுபது ரூபாயைத் தின்றுவிடுகின்றன என்று எழுதியிருக்கிறார் சென்ற இதழின் கட்டுரையாளர். அதே பத்தியில் எச்.டி.எஃப்.சி. வங்கியின் விகிதம் நாற்பதை ஒட்டி நிற்பதைச் சொல்லி, இடையிலுள்ள இருபது ரூபாய்க்கு ‘சோம்பலின் விலை’ என்று பெயர் வைக்கிறார். அங்கிருந்து தீர்ப்புக்குத் தாவுகிறார்: ஆள் அதிகம், குறையுங்கள், சிற்றூர்க் கிளைகள் பாரம், மூடுங்கள், மிச்சத்தைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும்.

முதலில் அந்த 59 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வங்கி ஊழியர்களுக்கான 12ஆவது இருதரப்பு ஊதிய ஒப்பந்தம் 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தானது. 2022 நவம்பரிலிருந்தே அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அந்த ஊதிய உயர்வுக்கும் அதையொட்டிய ஓய்வூதியப் பொறுப்புக்கும் பெருந்தொகையை அந்த ஓராண்டுக் கணக்கிலேயே ஒதுக்க வேண்டியிருந்தது. விகிதம் ஏறியது. ஒதுக்கீடு முடிந்ததும் அடுத்த ஆண்டே இறங்கியது. கவுன்ட்டரில் உட்கார்ந்தவர் எந்த ஆண்டும் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இத்தனைக்கும் விகிதம் 59ஆக இருந்த அந்த ஆண்டில்தான் வங்கி 61,000 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் காட்டியது. அதுவரை அதன் வரலாற்றிலேயே அதிகம் அது. ஆண்டறிக்கையைத் திறந்தவர் எவருக்கும் இது தெரியும். கட்டுரையாளர் திறந்திருந்தால் மறைத்திருக்கிறார். திறக்கவில்லை என்றால் எழுதியிருக்கவே கூடாது. இரண்டில் எது நடந்திருந்தாலும், பல லட்சம் பேரின் பிழைப்பையும் பல கோடிப் பேரின் சேமிப்பையும் பற்றிப் பேசும் கட்டுரைக்கு இது மன்னிக்கக்கூடிய குறை அல்ல.

இந்த விகிதம் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதே இந்தத் தகராறின் மையம். மேலே செலவு: சம்பளம், ஓய்வூதியம், வாடகை, மின்சாரம், கணினி, விளம்பரம் எல்லாம் அதில் அடங்கும். கீழே வருமானம்: கடனுக்கு வாங்கிய வட்டியிலிருந்து வைப்புக்குக் கொடுத்த வட்டியைக் கழித்து, அதோடு கட்டணங்களையும் கடன்பத்திர விற்பனை லாபத்தையும் பிற வரவுகளையும் கூட்டினால் கிடைப்பது. மேலதைக் கீழதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே விகிதம் குறைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வேலையைத் திறம்படச் செய்து செலவைக் குறைப்பது. மற்றொன்று, வாடிக்கையாளரிடம் கூடுதலாகக் கறப்பது. இரண்டையும் பிரித்துக் காட்டும் வசதி இந்த விகிதத்தில் இல்லை.

எச்.டி.எஃப்.சி. வங்கியின் வட்டி இடைவெளி நெடுங்காலமாகவே ஸ்டேட் வங்கியினதைவிட அகலமானது. தனிநபர் கடனும் கடன் அட்டையும் தரும் வட்டி, முன்னுரிமைத் துறைக்குக் கொடுக்கும் பயிர்க்கடனில் கிடைக்காது. வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும். இதற்கும் ஊழியரின் சுறுசுறுப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் அந்த வங்கியைக் குறை சொல்லவில்லை. அதன் வணிகம் அது, நன்றாகவே நடத்துகிறார்கள். அந்த வணிகத்தின் கணக்கை வேறு வகை வேலை செய்யும் வங்கியின் முதுகில் ஏற்றிவைத்து, அது குனிந்து நடக்கிறது என்று பழிப்பவரைத்தான் குறை சொல்கிறேன்.

இன்னொரு வரவையும் பார்க்க வேண்டும். குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்பதற்காக 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் வாடிக்கையாளரிடம் பிடித்த அபராதம் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு இது. கணக்கில் ஆயிரம் ரூபாய் வைக்க முடியாதவரிடமிருந்து எடுத்த இந்தப் பணம் வங்கிக் கணக்கில் எங்கே போய் உட்கார்ந்தது? ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில். அதாவது இந்த அபராதம் எவ்வளவு கூடியதோ அவ்வளவு தூரம் வங்கியின் ‘செயல்திறன்’ உயர்ந்ததாக விகிதம் காட்டியது. 2020இல் இந்த அபராதத்தைக் கைவிட்ட ஸ்டேட் வங்கி, அந்த அளவுக்குத் திறன் குறைந்த வங்கியாகத் தெரியும். ஏழையிடம் பிடுங்கினால் மெச்சுகிற, விட்டுக்கொடுத்தால் தண்டிக்கிற ஓர் அளவுகோலை அளவுகோல் என்றே நான் ஏற்க மாட்டேன்.

இந்த விகிதத்தில் உள்ள மிகப் பெரிய ஓட்டை வாராக்கடன். கடன் கொடுத்து அது திரும்பாமல் போனால் அதற்காக ஒதுக்கும் தொகை இந்தச் செலவில் சேராது. பத்து அதிகாரிகளை வைத்து நேரில் போய் விசாரித்து, ஆவணம் சரிபார்த்து, கடன் கொடுத்த பிறகும் தொழிற்கூடத்தை எட்டிப் பார்க்கும் வங்கிக்குச் சம்பளச் செலவு ஏறும், விகிதம் கெடும். விசாரிக்காமல் அள்ளிக் கொடுக்கும் வங்கிக்குச் செலவு குறையும், விகிதம் பளபளக்கும். அந்தப் பளபளப்பு எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு வரலாறு பதில் சொல்லியிருக்கிறது.

பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியின் செலவு–வருமான விகிதம் முப்பதை ஒட்டி இருந்தது. அந்நாட்டின் சில்லறை வங்கிகளிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. கிளைகள் கொஞ்சம், ஆட்கள் கொஞ்சம், வைப்புகளைத் திரட்டும் சிரமம் எடுக்காமல் பணச்சந்தையில் கடன் வாங்கி வீட்டுக்கடனாகக் கொடுத்தது. 2007 செப்டம்பரில் அந்தச் சந்தை வற்றியது. வங்கி வாசல்களில் மக்கள் தெரு நீளத்துக்கு வரிசையில் நின்றார்கள். பிரிட்டன் 1866க்குப் பிறகு அப்படியொரு காட்சியைக் கண்டதில்லை. 2008 பிப்ரவரியில் அரசு அதை நாட்டுடைமையாக்கியது. அயர்லாந்தில் ஆங்கிலோ ஐரிஷ் வங்கியின் விகிதம் அதைவிடவும் அழகானது. 2009 ஜனவரியில் அதுவும் அரசின் தலையில் விழுந்தது. அந்த இரண்டு வங்கிகளும் வீழ்வதற்கு முந்தைய ஆண்டுகளில் நம் கட்டுரையாளரின் தராசில் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். யெஸ் வங்கியின் விகிதம் அதன் நல்ல காலத்தில் நாற்பதை ஒட்டியே இருந்தது. கட்டுரையாளர் போற்றும் அதே நாற்பது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கியின் வேண்டுகோளின்பேரில் அரசு அதன்மீது தடை விதித்தது. தன் சொந்தப் பணத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் வாடிக்கையாளர் நின்றார். ஆயிரக்கணக்கான கோடிகளை முதலாகப் போட்டு அந்த வங்கியைத் தூக்கி நிறுத்தும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய வங்கி எது? கட்டுரையாளர் ‘சோம்பல்’ முத்திரை குத்திய ஸ்டேட் வங்கி. இந்த ஒரு நிகழ்வை அவர் ஒரு வரியில்கூடத் தொடவில்லை. தொட்டிருந்தால் கட்டுரை அங்கேயே நின்றிருக்கும்.

அடுத்து, ஆள் அதிகம் என்ற குற்றச்சாட்டு. ‘தனியார் வங்கியில் ஒருவர் செய்யும் வேலையைப் பொதுத்துறை வங்கியில் இருவர் செய்கிறார்கள்’ என்று அடித்துச் சொல்கிறார். ஓர் எண்கூடக் கொடுக்கவில்லை. எண்ணை நான் தருகிறேன். 2024 மார்ச் முடிவில் ஸ்டேட் வங்கிக்கு 22,500 கிளைகள், 2.32 லட்சம் பணியாளர்கள். எச்.டி.எஃப்.சி. வங்கிக்கு 8,700 கிளைகள், 2.13 லட்சம் பணியாளர்கள். ஸ்டேட் வங்கியின் வைப்பு ஏறத்தாழ 49 லட்சம் கோடி, எச்.டி.எஃப்.சி.யினது ஏறத்தாழ 24 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்கள். ஸ்டேட் வங்கியில் ஒரு பணியாளருக்கு 21 கோடி ரூபாய் வைப்பு. அங்கே 11 கோடி. கடனையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் நிலைமை மாறாது. கிளைக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் இங்கே பத்து, அங்கே இருபத்து நான்கு. கட்டுரையாளர் எழுதியது நேர் தலைகீழ்.

ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இன்னும் ஒன்றைச் சொல்கிறது. 2023-24இல் தனியார் வங்கிகளின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை பொதுத்துறை வங்கிகளினதைத் தாண்டிவிட்டது. அதே ஆண்டில் வங்கித் துறையின் சொத்துகளில் பாதிக்கு மேல் பொதுத்துறை வங்கிகளிடம் இருந்தது. பாதிக்கு மேற்பட்ட பாரத்தைப் பாதிக்குக் குறைவான கைகள் சுமக்கின்றன; அந்தக் கைகளையும் வெட்டச் சொல்கிறார் இவர். அதே அறிக்கையில், தனியார் வங்கிகளில் வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் நூற்றுக்கு 25 அளவில் இருப்பதையும் அதனால் சேவை தடைபடும் ஆபத்தையும் ரிசர்வ் வங்கி கவலையோடு குறிப்பிட்டிருக்கிறது. நான்கில் ஒருவர் ஓராண்டுக்குள் போய்விடுகிறார் என்றால், வாடிக்கையாளரின் முகம் தெரிந்த அதிகாரி, கடனாளியின் தொழிலை அறிந்த மேலாளர், பழைய கோப்பின் சிக்கலை நினைவில் வைத்திருப்பவர் எவரும் அங்கே தங்குவதில்லை. புதியவரைத் தேடி, பயிற்சி கொடுத்து, தவறுகளைத் திருத்தி முடிப்பதற்குள் அவரும் போய்விடுவார். இந்த நஷ்டத்துக்கு எந்த விகிதத்திலும் தனி வரி கிடையாது.

எண்களில் நான் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். காரணம், பணியாளருக்கு இத்தனை கோடி என்ற அளவையே நான் நம்பவில்லை. ஒரு பெருநிறுவனத்துக்கு ஐந்நூறு கோடி கொடுக்க நாலைந்து கையெழுத்துப் போதும். அதே ஐந்நூறு கோடியைச் சுயஉதவிக் குழுக்களுக்கு ஐந்து ஐந்து லட்சமாகக் கொடுக்கப் பத்தாயிரம் குழுக்களின் தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவையும் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். முதல் வழியில் ‘உற்பத்தித் திறன்’ வானத்துக்கு ஏறும். 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் சாலைக்கும் மின்னுற்பத்திக்கும் உருக்காலைக்கும் அப்படித்தான் கொடுத்தன. பணியாளருக்கு இத்தனை கோடி என்ற எண் அப்போது அழகாக வளர்ந்தது. 2018 மார்ச்சில் அந்த வங்கிகளின் மொத்த வாராக்கடன் நூற்றுக்கு 14க்கு மேல் போய் நின்றது. நிரப்பியது மக்களின் வரிப்பணம். இந்த அளவை நம்பிப் பட்ட பாடு போதும்.

இப்போது, பொதுத்துறை வங்கியின் செலவில் எதெல்லாம் ஏறியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கட்டுரையாளர் முழுக்கத் தவிர்த்த இடம் இது. 2014 ஆகஸ்ட்டில் ஜன் தன் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட்டில் கணக்குகள் ஐம்பது கோடியைத் தாண்டின. அவற்றில் தனியார் வங்கிகள் திறந்தவை நூற்றுக்கு மூன்று அளவே. மற்றவை அநேகமாக எல்லாமே பொதுத்துறை வங்கிகளும் அவை ஆதரிக்கும் கிராம வங்கிகளும் திறந்தவை. ஒரு கணக்கில் சராசரி இருப்பு நாலாயிரம் ரூபாய் சொச்சம். நாலாயிரம் ரூபாய் கணக்கும் நாலு கோடி ரூபாய் கணக்கும் கணினியில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன. பாஸ்புக் பதிவும் ஆதார் இணைப்பும் கே.ஒய்.சி. புதுப்பிப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான். சொல்லப்போனால் முதலாவதற்குத்தான் வேலை அதிகம். அதன் சொந்தக்காரர் நேரில் வருவார்; படிவத்தை யாராவது நிரப்பித் தர வேண்டும்; நூறு நாள் வேலைக் கூலி ஏறிவிட்டதா என்று மூன்று முறை கேட்பார். அவர் கேட்க வேண்டும்; அது அவர் கூலி.

யுபிஐயை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 1,500 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடக்கின்றன. 2020 ஜனவரி முதல் வணிகரிடம் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நாட்டுக்கு நல்லதுதான், ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொரு டீக்கடைப் பரிவர்த்தனையும் பணம் கொடுப்பவரின் வங்கிக் கணினியைத் தட்டுகிறது. பணம் கிளம்பும் வங்கிகளில் முதலிடம் ஸ்டேட் வங்கிக்கு. அதற்கான கணினிச் செலவு விகிதத்தின் மேல்பகுதியில் முழுதாக ஏறுகிறது. அரசு கொடுக்கும் ஊக்கத்தொகை தவிர கீழ்ப்பகுதியில் சேர எதுவும் இல்லை. ‘மிச்சத்தைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும்’ என்கிறவர், அந்தக் கைப்பேசிக்குப் பின்னால் யாருடைய செலவு ஓடுகிறது என்று கேட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

சிற்றூர்க் கிளைகளைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். ‘நாளைக்கு நாற்பது பேர்கூட நுழையாத கிளைகள்’ என்கிறார். எந்தக் கிளை என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டின் ஒரு சாதாரண ஒன்றியத் தலைநகரின் வங்கிக் கிளையில் ஒரு நகைக்கடன் எப்படி நடக்கிறது என்று அவர் நின்று பார்க்கட்டும். விதைப்புக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ ஒரு பெண் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிறாள். நகை மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும், கல் எடையைக் கழிக்க வேண்டும். அதிகாரி சரிபார்க்க வேண்டும். பொட்டலம் கட்டி முத்திரையிட்டு இருவர் பொறுப்பில் பெட்டகத்துக்குள் போக வேண்டும். திருப்பும்போது இதெல்லாம் மறுபடியும். நாற்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு நாலு பேர் கை பட வேண்டும். இதைக் கைப்பேசி செய்யாது. கிளை இல்லையென்றால் அந்தப் பெண் போகுமிடம் அடகுக்கடை. அங்கே வட்டி என்ன என்பது அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அவள் கூடுதலாகக் கட்டும் வட்டி, பக்கத்து ஊர்க் கிளைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம், இழந்த ஒருநாள் கூலி எல்லாம் வங்கியின் ஏட்டிலிருந்து மறைந்து அவள் முந்தானை முடிச்சிலிருந்து போகின்றன. செலவு எங்கும் குறையவில்லை, கொடுப்பவர் மாறியிருக்கிறார். அந்த மாற்றத்துக்குத்தான் கட்டுரையாளர் சிக்கனம் என்று பெயர் சூட்டுகிறார்.

கிளைக்குப் பதில், வங்கியின் சார்பில் ஊரிலேயே பணம் வாங்கவும் கொடுக்கவும் வங்கித் தொடர்பாளர் இருக்கிறாரே என்று அவர் தரப்பினர் சொல்வார்கள். 2006இல் ரிசர்வ் வங்கி அனுமதித்த ஏற்பாடு அது, பயனுள்ளதுதான். ஆனால் தேய்ந்துபோன விரல்ரேகையைக் கருவி ஏற்காமல் முதியோர் உதவித்தொகைக்கு வந்த கிழவியைத் திருப்பி அனுப்பும்போது அவருக்கு மேலே முறையிட ஒரு கிளை வேண்டும். அந்தத் தொடர்பாளருக்கோ நடவடிக்கைக்கு இத்தனை ரூபாய் என்ற தரகுதான். ஓய்வூதியமில்லை, விடுப்பில்லை, பணியாளர் எண்ணிக்கையில் அவர் இல்லவே இல்லை. அவரை எண்ணாமல் விட்டுவிட்டு உற்பத்தித் திறன் உயர்ந்தது என்று கணக்கு எழுதுவது நேர்மையான கணக்கு அல்ல.

கிராமக் கிளைகள் வீண் செலவு என்ற வாதம் புதிதும் அல்ல. 1969இல் நாட்டிலிருந்த எட்டாயிரம் சொச்சம் வங்கிக் கிளைகளில் கிராமத்தில் இருந்தவை நாலில் ஒன்றுக்கும் குறைவு. 1977 முதல் 1990 வரை ஒரு விதி இருந்தது: ஏற்கெனவே கிளை உள்ள ஊரில் ஒன்று திறக்க விரும்பும் வங்கி, கிளையே இல்லாத ஊர்களில் நான்கு திறக்க வேண்டும். அந்த விதியின் விளைவை ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். அந்தக் கிளைப் பெருக்கம் கிராமப்புற வறுமையைக் குறைத்தது என்பது அவர்களின் முடிவு. கடன் திரும்பாத சிக்கலும் அந்தக் காலத்தில் பெரிதாகவே இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பயன் என்ற பக்கத்தையே கிழித்துப் போட்டுவிட்டுச் செலவுப் பக்கத்தை மட்டும் வாசிக்கிறவர் பொருளாதாரம் பேசத் தகுதியற்றவர்.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் பெண்களைக் குழுக்களாகத் திரட்டும் திட்டம் தொடங்கியபோது, கடன் கொடுக்க முன்வந்த வங்கி இந்தியன் வங்கி. 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் நபார்டின் சோதனை முயற்சி மூன்று ஆண்டு கழித்து, 1992இல்தான் வந்தது. தருமபுரியின் கிராமங்களில் நடந்து நடந்து குழுக்களைச் சந்தித்த அதிகாரியின் நாளை, அன்றைய அளவுகோல் எதுவும் ‘திறன்’ என்று பதிந்திருக்காது. இன்று சுயஉதவிக் குழுக் கடனுக்குப் போட்டி போடாத வங்கி இல்லை.

இந்தியன் வங்கியைக் கட்டுரையாளரும் இழுக்கிறார், வேறு நோக்கத்தோடு. ஆட்குறைப்பால் மீண்ட வங்கி என்கிறார். அந்த வங்கி 1995-96இல் 1,300 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது. எதனால்? மேலிடத்தில் வாரி வழங்கிய கடன்களால். கிளை எழுத்தர் எவரும் அந்த ஓட்டையைப் போடவில்லை. 1999இல் வர்மா குழு அதை நலிந்த மூன்று வங்கிகளில் ஒன்றாகக் குறித்துச் சம்பளச் செலவை வெட்டச் சொன்னது உண்மை. விருப்ப ஓய்வு வந்ததும் உண்மை. ஆனால் 2000இல் தலைமைக்கு வந்த ரஞ்சனா குமார் நிர்வாக அடுக்கு ஒன்றை எடுத்தார், வாராக்கடன் வசூலை முடுக்கினார். அரசு புது முதலீடு போட்டது. 2001-02இல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. இத்தனை மருந்துகளில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து அதுவே நோயைத் தீர்த்தது என்கிறார் இவர். அந்த விருப்ப ஓய்வில் நாடு முழுவதும் பொதுத்துறை வங்கிகளை விட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். கடனை எடை போடத் தெரிந்த அனுபவசாலிகள் பலர் அதில் அடக்கம். சில ஆண்டுகளில் பெருங்கடன் அலை வந்தபோது, வேண்டாம் என்று சொல்லும் துணிவுள்ள முதிய அதிகாரிகள் போதிய அளவில் அங்கே இல்லை என்பது வங்கிக் கிளைகளில் வேலைபார்த்தவன் என்ற முறையில் என் உறுதியான எண்ணம்.

சேவை மோசம் என்று அவர் சொல்லும் இடத்தில் மட்டும் எனக்குச் சண்டையில்லை. மோசம்தான், பல இடங்களில். டோக்கன் வாங்கி இரண்டு மணிநேரம் காத்திருப்பவரின் எரிச்சல் நியாயமானது; ‘சர்வர் டவுன்’ என்ற பதிலைக் கேட்டு வீடு திரும்புபவரின் சாபமும் நியாயமானது. பாஸ்புக் பதிய மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊழியரை நான் காக்க வரவில்லை. ஆனால் ஏன் வரிசை நீள்கிறது என்று ஒரு கிளைக்குள் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆறு கவுன்ட்டர் இருந்த இடத்தில் இரண்டு திறந்திருக்கிறது. எழுத்தர் நியமனம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. ஓய்வு பெற்றவரின் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. மேலாளர் காலையில் வந்ததும் திறப்பது கடன் கோப்பை அல்ல, அன்றைய காப்பீட்டு டார்கெட்டை. மாலைக்குள் இத்தனை பாலிசி, இத்தனை மியூச்சுவல் ஃபண்ட் என்று வட்டார அலுவலகம் மணிக்கு மணி கேட்கிறது. ஏற்கெனவே கணினியில் இருக்கும் விவரத்தையே மறுபடி அட்டவணையாக நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பச் சொல்கிறது. இந்த நேரமெல்லாம் வரிசையில் நிற்பவரிடமிருந்து எடுக்கப்பட்டது. திறனை உயர்த்த வேண்டுமா? இங்கே கை வையுங்கள். கிளைக்கு வெளியே, மேலே, டார்கெட் பிறக்கும் இடத்தில்.

டார்கெட் வெறி எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ இருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்குகள் என்ற இலக்கை விரட்டிய ஊழியர்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே இலட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் அது வெளிப்பட்டபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை இழந்திருந்தார்கள்; 2020இல் அந்த வங்கி 300 கோடி டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. தவறான ஒன்றை அளந்தால் ஊழியர் அந்தத் தவறான ஒன்றையே உற்பத்தி செய்வார்.

சரியாக அளக்க வழியில்லாமலா போயிற்று? 1985இலேயே ஷெர்மன், கோல்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சேமிப்பு வங்கியின் 14 கிளைகளை எடுத்து, ஒவ்வொரு கிளையும் எத்தனை ஆட்களையும் எவ்வளவு இடத்தையும் செலவையும் கொண்டு எந்தெந்த வகை வேலைகளை எவ்வளவு செய்கிறது என்று கணக்கிட்டார்கள். ஒரு கிளையை அதைப் போன்ற வேலைக் கலவை உள்ள கிளைகளோடுதான் அந்த முறை ஒப்பிடும். பென்னாகரத்தை அண்ணா நகரோடு ஒப்பிடாது. பென்னாகரத்தைப் போன்ற இன்னொரு ஊரோடு ஒப்பிடும். அப்படி ஒப்பிட்டுப் பின்தங்கும் கிளையை மாற்றச் சொன்னால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். இந்திய வங்கிகளில் 1986 முதல் 1991 வரையிலான காலத்துக்கு இம்முறையைப் பயன்படுத்திய பட்டாச்சார்யா, லவல், சகாய் ஆகியோரின் 1997ஆம் ஆண்டு ஆய்வில் முன்னணியில் வந்தவை பொதுத்துறை வங்கிகள். வெளிநாட்டு வங்கிகளும் தனியார் வங்கிகளும் அடுத்தே வந்தன. அந்த ஆண்டுகளின் போக்கில் பொதுத்துறை வங்கிகள் சரிந்ததையும் வெளிநாட்டு வங்கிகள் முன்னேறியதையும் அதே ஆய்வு பதிந்தது. பழைய ஆய்வுதான். ஆனால் அளவை மாற்றினால் வரிசை மாறும் என்பதற்கு அது போதும்.

கடன் கேட்டவருக்கு எத்தனை நாளில் பதில் வந்தது, முதல் வருகையிலேயே எத்தனை பேரின் வேலை முடிந்தது, எத்தனை பதிவுகளைத் திருத்த வேண்டி வந்தது, கொடுத்த கடனில் எவ்வளவு மூன்று ஆண்டு கழித்தும் உயிரோடு இருக்கிறது, ஒப்பந்தப் பணியாளரையும் தொடர்பாளரையும் சேர்த்தால் தலைக்கு எவ்வளவு வேலை, வாடிக்கையாளர் வரிசையில் இழந்த மணிநேரம் எவ்வளவு. இவற்றை அளக்கத் தேவையான தரவு ஒவ்வொரு பெரிய வங்கியின் கோர் பேங்கிங் அமைப்பிலும் டோக்கன் இயந்திரத்திலும் குறைதீர்ப்பு ஏட்டிலும் அன்றாடம் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆண்டறிக்கையில் அச்சிட எவரும் துணியவில்லை, கேட்கவும் எவரும் இல்லை. கட்டுரையாளரைப் போன்றவர்கள் ஒற்றை விகிதத்தோடு திருப்திப்பட்டுக்கொள்ளும்வரை வங்கித் தலைமைக்கும் அது வசதிதான்.

அவர் பதில் எழுதுவதானால் ஒன்று கேட்கிறேன். மூட வேண்டும் என்று அவர் நினைக்கும் ஒரே ஒரு கிளையின் பெயரைச் சொல்லட்டும். அங்கே எத்தனை நகைக்கடன், எத்தனை குழுக்கள், எத்தனை ஓய்வூதியர் என்று விசாரித்து எழுதட்டும். அடுத்த கிளை எத்தனை கிலோமீட்டர், அங்கே போகப் பேருந்து நாளைக்கு எத்தனை முறை, போய்வர எத்தனை ரூபாய், அந்த ஊரில் ஒருநாள் கூலி எவ்வளவு என்பதையும் எழுதட்டும். அந்தத் தொகையை ஓராண்டுக்குக் கூட்டி, வங்கி மிச்சம் பிடிக்கப்போகும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் பக்கத்தில் வைக்கட்டும்.